பின்னாலதான் வந்துக்கிட்டிருந்தா

கொஞ்சம் அந்த ஜன்னலோர சீட்டை எனக்குக் குடுக்கறீங்களா சார்? தப்பா நெனச்சுக்காதீங்க, காத்துக்காகக் கேக்கலை. ரோட்டோர பிளாட்பாரத்தைப் பாத்துக்கிட்டே வரணும். என் சம்சாரத்தைக் காணோம்.

ரொம்ப நன்றி சார். நீங்க பதறாதீங்க, அந்தக் காணோம் இல்லை. இருக்கறா. லைட் ஹவுஸுக்கும் மயிலாப்பூர் தெப்பக்குளத்துக்கும் நடுவுல எங்கயோ நின்னுட்டா. ரெண்டு கிலோமீட்டர் சார் மொத்தமே. ஒரே ஒரு திருப்பம். இதுல ஒரு பொம்பள தொலைஞ்சு போவாளா? சொல்லுங்க. வேணும்னே நின்னாத்தான் உண்டு.

என் பேர் தணிகாசலம். அரக்கோணம். முப்பத்திரண்டு வருஷம் ஹைஸ்கூல்ல பி.டி. வாத்தியார். ரிடையராகி மூணு வருஷம் ஆச்சு, ஆனா பாருங்க, தொப்பை கிடையாது. எங்க ஊர்ல காலை நடைக் கழகம்னு ஒண்ணு வச்சிருக்கோம், நான்தான் செயலாளர். இந்த மாசம் தம்பதி நடைன்னு ஒரு போட்டி. புருஷனும் பொண்டாட்டியும் சேந்து ஏதாவது ஒரு ஞாயித்துக்கிழமை மெட்ராஸுக்கு வரணும். சென்ட்ரல்ல இறங்கி நடக்க ஆரம்பிச்சா ரிப்பன் மாளிகை, உழைப்பாளர் சிலை, லைட் ஹவுஸ், தெப்பக்குளம், கடைசியா பெசன்ட் நகர் பீச். அஞ்சு எடத்துலயும் ரெண்டு பேரும் சேந்து நிக்கற மாதிரி ஒரு போட்டோ. ரெண்டு பேர் போன்லயும் எத்தனை ஸ்டெப் ஏறியிருக்கோ அதைக் கூட்டணும். ஜாஸ்தி யாருக்கோ அவங்களுக்கு ஷீல்டு. பஸ், ஆட்டோ ஏறக் கூடாது. வந்த வழியே திரும்பி நடந்தா அது கணக்குல சேராது. விதியெல்லாம் நானே உக்காந்து எழுதினது.

இப்ப நானே லைட் ஹவுஸுக்குத் திரும்பிப் போற பஸ்ல உக்காந்திருக்கேன் பாருங்க. என் தலையெழுத்து.

போன ஞாயிறு ரயில்வே முனிரத்தினம் வந்துட்டுப் போனான். அவனுக்கு முட்டி வலி, அவன் சம்சாரத்துக்கு ஆஸ்துமா. ரெண்டு பேருமா சேந்து முப்பத்தாறாயிரம் காட்டிட்டாங்க சார்! குரூப்புல போட்டோ போடறான். பீச்சுல பொண்டாட்டிக்குச் சோளம் வாங்கிக் குடுக்கற மாதிரி ஒண்ணு, ரெண்டு பேரும் ஒரே எளநியில உறிஞ்சற மாதிரி ஒண்ணு. போட்டிக்கும் எளநிக்கும் என்ன சார் சம்பந்தம்? எல்லாரும் கை தட்டற பொம்மையா அனுப்பறாங்க. ஒரு பி.டி. வாத்தியார் ரயில்வே கிளார்க்குகிட்ட நடையில தோத்தா அந்த ஊர்ல தலை காட்ட முடியுமா? அதான், விட்டேனா பார்னு இன்னிக்குக் கெளம்பினேன்.

அவ பேரா? அமிர்தவல்லி. அமிர்தம்னு கூப்பிடுவேன். கூப்பிடுவேன்னா, கூப்பிடற அவசியம் அவ்வளவா வந்ததில்லை. ஒரே வீடு, ரெண்டு ரூம்பு.

ஒண்ணு சொல்றேன் சார், அவளைப் போட்டிக்குத் தயார் பண்ண நான் பட்ட பாடு கொஞ்ச நஞ்சமில்லை. கேன்வாஸ் ஷூ வாங்கிக் குடுத்தேன். 'புடவைக்குக் கீழ இது என்னாங்க, கோமாளி மாதிரி'ன்னா. போன்ல ஸ்டெப் எண்ணறதைப் போட்டுக் குடுத்தேன். அதுல ஒரு தகராறு. நான் காலைல மைதானத்தைப் பத்து சுத்து சுத்திட்டு வந்து பாத்தா ஒன்பதாயிரம். அவ வீட்டை விட்டு வெளிய போகாதவ, இடுப்புல போனைச் செருவி வச்சுக்கிட்டவ, சாயங்காலம் பதினோராயிரம்! அடுப்படிக்கும் தண்ணிக் குழாய்க்கும் மாடிக்கும் நடந்தா பதினோராயிரமா? மிஷின் கோளாறுதான், வேற என்ன. அதனால இன்னிக்கு ரெண்டு போனையும் நானே என் இடுப்புப் பைக்குள்ள போட்டுக்கிட்டேன். ஒரே சீரா ஏறட்டும்னுதான். ஏமாத்து வேலை இல்லை சார். சேந்துதானே நடக்கறோம், ரெண்டு பேருக்கும் ஒரே கணக்குதானே.

ஆமா. அவகிட்ட போன் இல்லை. அதான் இப்ப பிரச்சனையே.

இந்த பஸ்ஸு நகருமா சார்? ரோடெல்லாம் தோண்டிப் போட்டு வச்சிருக்காங்க. நடந்தே போயிருக்கலாம்தான். குதிகால்ல ஒரு கொப்புளம். நீங்க யார்கிட்டயும் சொல்லப் போறதில்லை, அதனால சொல்றேன்.

காலைல நல்லாத்தான் ஆரம்பிச்சோம். ரிப்பன் மாளிகை போட்டோ ஏழு அம்பதுக்கு. உழைப்பாளர் சிலை எட்டே முக்காலுக்கு. சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிஷம் முன்னால. அவ பின்னாலயே வந்தா. எங்க வழக்கமே அதான் சார், நான் முன்னால போவேன், அவ பின்னால வருவா. கல்யாணமான மறுநாள் கோயிலுக்குப் போனதுலேந்து அப்படித்தான். திரும்பிப் பாக்கற வழக்கம் எனக்கு இல்லை. ஸ்கூல்ல பசங்களை மாவட்டப் போட்டிக்கு மார்ச் பண்ணிக் கூட்டிட்டுப் போறேன்னு வைங்க, முன்னால போறவன் ஒரு தரம் திரும்பினான்னா பின்னால வரிசையே கலைஞ்சு போகும். இவர் பாக்கறாரேன்னு ஒருத்தன் ஷூ லேஸ் கட்ட உக்காருவான், ஒருத்தன் தண்ணி கேப்பான். திரும்பவே கூடாது. நீ பாட்டுக்குப் போனா பின்னால தானா வரும். முப்பத்தொரு வருஷமா வந்துச்சே!

பீச் ரோட்டுல வர்றப்போ பின்னாலேந்து 'என்னாங்க, என்னாங்க'ன்னா ரெண்டு தரம். நான் காதுல போட்டுக்கலை, இன்னும் கொஞ்சம் எட்டிப் போட்டேன். லைட் ஹவுஸ்ல போட்டோவுக்கு நின்னப்போ பக்கத்துல வந்து, 'என்னாங்க, தண்ணி வரைக்கும் போய்க் காலை நனைச்சுட்டு வந்துருவோமே'ன்னா.

நான் வாட்சைப் பாத்தேன். மணல்ல எறங்கினா வேகம் செத்துப் போகும் சார். ஷூவுக்குள்ள மண்ணு போகும், கழட்டணும், உதறணும். போக வர அரை மணி. 'பெசன்ட் நகர்லயும் கடல்தான், அங்க பாத்துக்கலாம்'னேன். 'அங்க போனா உங்களுக்கு ட்ரெய்னுக்கு நேரமாயிடும்'னா. எனக்குத் தூக்கி வாரிப் போட்டுது. அட்டவணையில பெசன்ட் நகருக்கு ஆறு நிமிஷம்தான் ஒதுக்கியிருந்தேன். அவகிட்ட நான் அதைக் காட்டவே இல்லை, எப்படித் தெரிஞ்சுதோ! 'இதே தண்ணிதான் அங்கயும் இருக்கு, ஓடிப் போயிடாது, நட'ன்னு சொல்லிட்டு நடந்தேன்.

அவ கடல் பாத்ததில்லையான்னு கேக்கறீங்களா? மெட்ராஸுக்கு எத்தனை தரம் வந்திருக்கோம். அவ அப்பாவுக்குக் கண் ஆபரேஷன், பொண்ணு கல்யாணத்துக்குப் புடவை, அப்புறம் எனக்கு ஒரு தரம் குடலிறக்கம். எல்லாம் வேலையா வந்தது. பீச்சு வழியில இல்லை. இன்னொரு தரம் இன்னொரு தரம்னு சொல்லியிருப்பேன். பஸ்லேந்து பாத்திருக்கா. பாத்த மாதிரிதானே அதுவும்?

சரி, நடந்தேனா. கோவம் எனக்கு. பேசிக்கிட்டே நடந்தேன். ராத்திரி தயிர் சாப்பிடாதன்னா கேக்கறதில்லை, அதான் மூச்சு வாங்குதுன்னு சொன்னேன். உன் அண்ணன் வீட்டுக்குப் போனா மட்டும் கால் தன்னால ஓடுதே, இப்ப மட்டும் ஏன் பின்னுதுன்னு கேட்டேன். வாசல் கேட் தாழ்ப்பாளைச் சரியாப் போடாம வந்தியே, எருமை உள்ள பூந்து செடியை மேஞ்சிருக்கும்னு சொன்னேன். ஒரு பதிலும் இல்லை. நான் திட்டினா அவ பதில் பேச மாட்டா சார். அவகிட்ட இருக்கற நல்ல கொணம் அது. இன்னிக்கும் அப்படித்தான்னு நெனச்சுக்கிட்டேன்.

சாந்தோம் சர்ச் தாண்டினதும் என் மனசு எறங்கிப் போச்சு. என்ன இருந்தாலும் வெயில்ல கூடவே வர்றாளேன்னு. ஒண்ணு சொன்னேன். சொல்லவே ஒரு மாதிரியா இருக்கு சார் இப்ப. 'அமிர்தம், ஷீல்டு கெடைச்சா மேடையில நீதான் வாங்கணும், நான் கீழ நின்னு கை தட்டறேன்'னேன். முப்பத்தொரு வருஷத்துல நான் அவகிட்ட அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதுக்கும் பதில் இல்லை. வெக்கப்படறான்னு நெனச்சு நானே சிரிச்சுக்கிட்டு நடந்தேன்.

தெப்பக்குளத்துல ஒரு பூக்காரம்மா உக்காந்திருந்தாங்க. போனை நீட்டி, 'அம்மா, எங்க ரெண்டு பேரையும் குளம் தெரியற மாதிரி ஒரு போட்டோ எடுங்க'ன்னேன். அந்தம்மா போனை வாங்கிக்கிட்டு என்னையே பாக்குது. 'ரெண்டு பேரா? இன்னொருத்தர் யாரு?'ங்குது. 'இதோ, பின்னாலதான் இருக்கறா'ன்னேன். 'பின்னால சைக்கிள்தான்யா நிக்குது'ங்குது.

திரும்பினேன். சைக்கிள்தான் நின்னுது.

எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்க. மொதல்ல வந்தது கோவம். நாலாவது போட்டோ போச்சேன்னு. சரி, பின்தங்கிட்டா, வந்துருவான்னு குளத்துப் படியில உக்காந்தேன். பத்து நிமிஷம். இருபது நிமிஷம். எழுந்து குளத்தை ஒரு சுத்து சுத்தினேன். கோபுர வாசல் வரைக்கும் போய் எட்டிப் பாத்தேன். போனை எடுத்துப் பாக்கறேன், அவ கணக்குல ஆயிரத்து நூறு ஸ்டெப் ஏறியிருக்கு! தேடிக்கிட்டு அலையறது நான் சார், ஏறுது அவளுக்கு. பதினாலாயிரத்து முந்நூறு காட்டுது அமிர்தவல்லின்னு. ஆளைக் காணோம், ஆனா நல்லா நடக்கறா.

சிரிக்காதீங்க சார். எனக்கும் மொதல்ல சிரிப்புதான் வந்துச்சு. அப்புறம் வரலை.

போலீஸ்கிட்ட சொன்னேனே. முக்குல நின்ன டிராபிக் போலீஸ். 'போட்டோ இருக்கா?'ன்னார். மூணு இருக்குன்னு பெருமையா எடுத்துக் காட்டினேன். ரிப்பன் மாளிகைல என் தொப்பி அவ பாதி மூஞ்சை மறைச்சிடுச்சு. சிலைகிட்ட எடுத்ததுல என் தோளுக்குப் பின்னால கொஞ்சம் புடவை தெரியுது. மூணாவதுல முழுசா இருக்கா, ஆனா கேமராவைப் பாக்கலை, கடல் பக்கம் திரும்பிக்கிட்டா. 'இதுல எதை வச்சு சார் தேடறது'ன்னார் அவர். 'வீட்ல ஏதாவது சண்டையா?'ன்னார். எங்களுக்குள்ள சண்டையே வந்ததில்லைன்னேன். உண்மைதான் சார். சண்டைக்கு ரெண்டு பேர் பேசணும்ல.

கச்சேரி ரோடு தாண்டறதுக்குள்ள பொழுது சாஞ்சுரும் போல இருக்கே. டிரைவர் இறங்கி டீ குடிக்கப் போயிட்டாரா, இருக்காரா?

அங்க பாருங்க, பச்சைப் புடவை... இல்லை. இவங்க ஒல்லி. அமிர்தம் பச்சையா கட்டியிருந்தா? அரக்குக் கலரு. போட்டோவுல பாத்தேன்.

எனக்கு என்ன ஆத்திரம்னா சார், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா? 'நான் வரலை, நீங்க போங்க'ன்னு ஒரு வார்த்தை. நான் என்ன புலியா, கரடியா? ரோட்டுல ஒரு ஆம்பளையைத் தனியாப் பேசிக்கிட்டுப் போக விட்டுட்டு! போறவன் வர்றவன் எல்லாம் என்னைப் பாத்தான். நடையைப் பாத்து அசந்து போய்ப் பாக்கறாங்கன்னு நான் நெஞ்சை நிமித்திக்கிட்டுப் போனேன். பைத்தியம்னு நெனச்சிருக்கான் ஒவ்வொருத்தனும்.

கையில காசு இருக்கா அவகிட்டன்னும் தெரியலை. திரும்பிப் போற டிக்கெட் என்கிட்ட இருக்கு. அவளுக்கு இந்த ஊர்ல தெக்கு வடக்கு தெரியாது. நீச்சலும் தெரியாது. ஒருவேளை அந்தத் தண்ணிக்கு... ஞாயித்துக்கிழமை ஆனா நாலு பேரை அலை இழுத்துக்கிட்டுப் போச்சுன்னு பேப்பர்ல போடறான். பயமா இருக்கு சார். அவ இல்லாம அந்த வீட்டுக்குள்ள நான் எப்படிப் போவேன்? அரிசி எந்த டப்பாவுல இருக்குன்னுகூடத் தெரியாது எனக்கு. அரிசிக்காகச் சொல்லலை. புரியுதா உங்களுக்கு? அரிசிக்காக இல்லை.

இது ஒண்ணு, நேரங்காலம் தெரியாம! ஒரு நிமிஷம் சார், கட் பண்ணிடறேன். தெரியாத நம்பர். காலைலேந்து இது அஞ்சாவது தரம். லோன் வேணுமான்னு கேக்கறவங்க. தெரியாத நம்பரை நான் எடுக்கறதே இல்லை, கழகத்துலயும் எல்லாருக்கும் சொல்லி வச்சிருக்கேன்.

அவளா? அவகிட்டதான் போனே இல்லையே சார். எப்படிப் பண்ணுவா?

யார்கிட்டயாவது வாங்கியா?

அவளுக்கு என் நம்பர் மனப்பாடமா தெரியும். ஆமா... தெரியும். ஐயையோ. மறுபடியும் அடிக்குது. எடுக்கறேன், இருங்க, எதைத் தள்ளணும் இதுல?

ஹலோ! யாருங்க? ... அமிர்தம்! சார், அவதான் சார்! ஏய், எங்க போய்த் தொலைஞ்ச நீ? எத்தனை நேரமா நான்... என்னது? அஞ்சு தரமும் நீயா? ... யார் போன் இது? ... மீன் விக்கறவங்களா? சரி. என்ன சத்தம் அங்க? அலையா? லைட் ஹவுஸ்லயேதான் இருக்கியா இன்னும்? ... எதுவரைக்கும் எறங்கின? முட்டி வரைக்குமா! அறிவிருக்கா உனக்கு? ஒரு அலை வந்து... சரி. சரி சரி. கத்தலை. கத்தலைன்னு சொல்றேன்ல. சாப்பிட்டியா? ... வறுத்த மீனா? இந்த வெயில்லயா... சரி, சாப்பிடு.

என்ன கேட்ட?

சார், ஒரு நிமிஷம், பக்கத்துல வாங்க. மெதுவாப் பேசறேன். 'நான் இல்லைன்னு எந்த எடத்துல பாத்தீங்க'ன்னு கேக்கறா. சாந்தோம்னு சொல்லிடட்டுமா? அது பாதி தூரம்தான். இல்லை, ரோட்டைத் தாண்டறப்பவே பாத்துட்டேன், விளையாட்டுக்குப் போனேன்னு சொன்னா? ... ஏன் சார் அப்படிப் பாக்கறீங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா என்ன?

ஹலோ, அமிர்தம். இருக்கியா? தெப்பக்குளத்துல. ... ஆமா, தெப்பக்குளத்துலதான். போட்டோவுக்கு நிக்கறப்ப. ... ஆமாம்மா, வழியெல்லாம் பேசிக்கிட்டேதான் போனேன்.

சிரிக்கறா சார்.

கேளுங்க, காதுல வச்சுப் பாருங்க. அந்த மீன்காரம்மாகிட்ட 'தெப்பக்குளம் வரைக்குமாம்'னு சொல்றா, அந்தம்மாவும் சேந்து சிரிக்குது. வாய் விட்டு, மூச்சு முட்டி, இருமி இருமிச் சிரிக்கறா. முப்பத்தொரு வருஷம் ஒரே வீட்ல இருந்திருக்கோம், இந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை. இவ சிரிப்பான்னே எனக்குத் தெரியாது சார்.

ஹலோ? ஹலோ?

வச்சுட்டா.

என்ன சொன்னான்னா, 'வர்றதா இருந்தா வாங்க. இல்லைன்னா உங்க போட்டியை முடிச்சுட்டு சாயங்காலம் சென்ட்ரல்ல நில்லுங்க, நான் வந்து சேந்துக்கறேன்'னா. வழி தெரியுமான்னு கேக்கறதுக்குள்ள வச்சுட்டா. வர்றதா இருந்தா வாங்கன்னா என்ன சார் அர்த்தம்? வாங்கன்னு கூப்பிடறதா அது? கோவமா இருந்தா கத்தியிருக்கணும். அழுதிருக்கணும். சாதாரணமா சொல்றா, பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட சொல்ற மாதிரி. நான் போனாலும் சரி, போகலைன்னாலும் சரியாம் அவளுக்கு.

அதோ தெரியுது லைட் ஹவுஸ். கண்டக்டர், ஆள் இறங்கணும்! கொஞ்சம் வழி விடுங்க சார், இந்தக் கால் வேற... நீங்க கேட்டுக்கிட்டுதானே இருந்தீங்க? வராதீங்கன்னு சொல்லலை இல்லையா அவ? அப்படிச் சொல்லலை இல்லையா சார்?